கடைசிக் கார்டு

திண்டுக்கல்
10-9-1967

சேசு மரி சூசை

மதராஸ்காரருக்கு அல்போன்சா எழுதிக்கொள்வது. இங்கு எல்லாரும் சுகம். ஓட்டல் சாப்பாடு உங்கள் வயிற்றைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

முதலில் உங்கள் பெயரைப் போட்டுத்தான் ஆரம்பித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நிச்சயம் ஆன பெறகு பேரை எழுதுவாகளாடி? கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுது" என்றார். அதனால் நீங்கள் இனிமேல் மதராஸ்காரர்தான். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். உங்கள் கையெழுத்து அவருக்கு எட்டவே எட்டாது. எனக்கே பாதிதான் எட்டுகிறது. கம்ப்யூட்டருக்கு எழுதி எழுதி மனுஷருக்கு எழுத மறந்துவிட்டதோ என்னவோ.

அப்பா ஒட்டன்சத்திரத்தில் கத்தரிக்காய் லோடு ஏற்றிக்கொண்டு ஆலப்புழை போயிருக்கிறார். லாரி டயர் வழியில் இரண்டு தடவை வெடித்ததாகத் தகவல் சொல்லி அனுப்பினார்.

மில்லில் நீங்கள் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன பஞ்சிங் மிஷின் ஒழுங்காக ஓடுகிறது. சொல்லிக் கொடுக்க வந்தவர் பெண் பார்த்துவிட்டுப் போன கதையும் டைம் ஆபீசில் நன்றாகவே ஓடுகிறது. டைம் கீப்பர் உடையப்பன் சார் என்னைப் பார்த்தாலே, "என்னம்மா, மெட்ராசுல மழையா?" என்கிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது.

இப்போது ஒரு ஆபீஸ் விஷயம். வருஷம் முழுக்க ஒழுங்காக வேலைக்கு வந்த பதிலி ஆட்களை நிரந்தரம் செய்யும் பட்டியலை முன்பெல்லாம் உடையப்பன் சார் கையால் போடுவார். இந்தத் தடவை நான் கார்டில் ஓட்டை போட்டு மதராஸ் ஹெட் ஆபீசுக்கு அனுப்ப, அங்கே உங்கள் கம்ப்யூட்டர் மிஷின் போட்டது. பட்டியல் வந்து கேட்டில் ஒட்டிவிட்டார்கள். ஐந்து பேர் பெயர் இல்லை. ஐந்து பேருமே நாள் குறையாமல் வந்தவர்கள். அதில் ரீலிங் டிபார்ட்மென்ட் மூக்காயி ஜன்னலுக்கு வந்து நின்றுவிட்டாள்.

"ஏத்தா, எம்பேரு எங்கத்தா போச்சு? நாலு வருசமா கேட்டுல நின்னு, கூப்பிட்டா உள்ள, கூப்பிடாட்டி வீட்டுக்குன்னு அலையிறேன். இந்த வருசம் காச்சலோடகூட வந்தேன். எங்கூட நின்னவளுக்கெல்லாம் பேரு இருக்கு. எனக்கு மட்டும் எலி தின்னுருச்சா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். உங்களிடம்தான் விசாரிக்கிறேன். உங்கள் மிஷின் எப்போதாவது தப்புப் பண்ணுமா?

இப்படிக்கு,
அல்போன்சா


சென்னை-11
15-9-1967

அன்புள்ள அல்போன்சாவுக்கு,

கடிதம் வந்தது. மதராஸ்காரர் என்ற பட்டத்தை ஏற்றுக்கொண்டேன். கையெழுத்தைத் திருத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். இதற்கு மேல் திருந்தாது.

மிஷின் தப்புப் பண்ணுமா என்று கேட்டிருக்கிறாய். இங்கே பெரிய பெரிய டைரக்டர்கள் வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற மிஷினை நீ இப்படிக் கேட்டுவிட்டாயே! அது மனுஷன் மாதிரி இல்லை. தூங்காது, கோபப்படாது, வேண்டியவன் வேண்டாதவன் பார்க்காது. ஆனால் அனுப்பாத கார்டை அதனால் படிக்க முடியாது. நன்றாகத் தேடிப் பார். மேஜை இழுப்பறையிலோ மிஷினுக்கு அடியிலோ ஐந்தும் கிடக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது சகஜம், இதற்காக வருத்தப்படாதே.

எனக்கு டிசம்பரோடு புரொபேஷன் முடிகிறது. அதற்கப்புறம் நானும் நிரந்தரம்தான். பெரம்பூரில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வருகிறது. தையில் கல்யாணம் முடிந்ததும் நேராக அங்கே வந்துவிடலாம். அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ப. சூசைமாணிக்கம்


திண்டுக்கல்
22-9-1967

சேசு மரி சூசை

மதராஸ்காரருக்கு,

நீங்கள் சொன்னபடி இழுப்பறை, மிஷின் அடி, குப்பைக் கூடை எல்லாம் தேடினேன். கிடைத்தது ஒரு செத்த பல்லி.

நேற்று எனக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். ஐந்து கார்டுகளை அனுப்பத் தவறியது ஏன் என்று விளக்கம் எழுதித் தர வேண்டுமாம். கார்டுகள் வந்து சேரவில்லை என்று ஹெட் ஆபீஸ் எழுதிவிட்டதாம். நான் அனுப்பினேன் சார் என்றேன். உடையப்பன் சார், "ஏம்மா, அம்புட்டுப் பெரிய மிஷின் பொய் சொல்லுமா? நீ சொல்லு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பட்டியல் போடுகிற வேலை தன் கையை விட்டுப் போனதிலிருந்து, யார் மேலாவது கோபத்தைக் காட்ட வேண்டும் என்று இருக்கிறார்.

மெமோகூடப் பெரிசில்லை. ரீலிங்கில் நிரந்தரம் ஆனவர்களில் ஒருத்தி நம் கோயில் ஆள். அதை வைத்துக்கொண்டு, வேதக்காரப் பெண் தன் ஆளுக்குப் போட்டுக்கொண்டு மூக்காயி கார்டைக் கிழித்துவிட்டாள் என்று கேட்டில் பேசுகிறார்கள். காதில் விழுகிற மாதிரியே பேசுகிறார்கள். மூக்காயி நேராகவே வந்து கேட்டாள்.

"நீயா கிழிச்ச?"

"இல்லக்கா, சத்தியமா இல்ல."

"அப்ப எங்க போச்சு? காகிதத்துக்குக் காலா மொளைக்கும்?"

நூல் தேங்கிக் கிடப்பதால் இதற்கப்புறம் ஆட்களை நிரந்தரமே பண்ண மாட்டார்கள் என்று வேறு பேச்சு. அது நிஜமானால் மூக்காயி இனிமேல் ஆயுசு பூராவும் கேட்டில் நிற்க வேண்டியதுதான்.

நான் உட்கார்ந்து ஒன்று யோசித்தேன். ஐந்து பேரும் அவரவர் டிபார்ட்மென்டில் கடைசி டோக்கன் நம்பர்காரர்கள். டிபார்ட்மென்ட் வாரியாகத்தான் கட்டுக் கட்டி அனுப்பினேன். கட்டில் அவர்கள் கார்டுதான் கடைசி. நான் கவனம் இல்லாமல் தவற விட்டிருந்தால் நடுவில் எங்கேயாவது ஒன்றை விட்டிருக்க மாட்டேனா? ஐந்து கட்டிலும் சொல்லி வைத்த மாதிரி கடைசி ஆளையே எப்படி விடுவேன்? இதை எனக்குத் தயவு செய்து விளக்கி எழுதவும்.

அல்போன்சா


சென்னை-11
1-10-1967

அன்புள்ள அல்போன்சாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

நன்றாக யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். விளக்கம், வாதம் என்று எழுதிக்கொண்டே போனால் விஷயம் வளரும். "கவனக்குறைவால் நேர்ந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் இதோடு முடிந்துபோகும். ஐந்து கார்டு ஒரு பெரிய குற்றமா? யாரும் தூக்கில் போடப் போவதில்லை. தவிர, எப்படியும் நீ தையில் வேலையை விடப் போகிறவள். உன் பேரில் ஒரு மெமோ இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அடுத்த பட்டியலில் அந்த ஐந்து பேரும் கட்டாயம் வந்துவிடுவார்கள். இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

பெரம்பூர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். சுவருக்கு என்ன நிறம் பூசலாம் என்று எழுது.

அன்புடன்,
ப. சூசைமாணிக்கம்


திண்டுக்கல்
7-10-1967

மதராஸ்காரருக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் இந்தத் தொழில் தெரிந்தவர், சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதினேன். மேனேஜர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே எழுதியிருந்தா இம்புட்டு தூரம் வந்திருக்குமாம்மா?" என்றார். உடையப்பன் சார் அன்றைக்கு மழையைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் ஒத்துக்கொண்டது சாயங்காலத்துக்குள் கேட் வரைக்கும் போய்விட்டது. மூக்காயி சண்டை போடுவாள் என்று பயந்துகொண்டே வெளியே வந்தேன். அவள் சண்டை போடவில்லை. என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவும் பிடிக்கவில்லை. வெஞ்சனம் சரியில்லையா என்று அம்மா நாலு தடவை கேட்டுவிட்டார்.

கடைசிக் கார்டைப் பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன்.

சுவர் நிறம் உங்கள் இஷ்டம்.

அல்போன்சா


சென்னை-11
16-10-1967

அன்புள்ள அல்போன்சாவுக்கு,

இதைப் படித்ததும் என்னைத் திட்டு. ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

தப்பு என்னுடையது. நீ கேட்டது சரி. ஒவ்வொரு கார்டையும் எடுத்துப் படி, இதுதான் கடைசிக் கார்டா என்று பார், கடைசி என்றால் வேலையை முடித்துக்கொள் என்று நான் புரோகிராமில் எழுதியிருந்தேன். அந்தக் கடைசிக் கார்டில் இருக்கிற ஆளையும் சேர்த்துக்கொண்டு அப்புறம் முடி என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நாங்கள் சோதனை ஓட்டம் பார்க்கும்போது கட்டின் கடைசியில் ஒரு வெற்றுக் கார்டு வைப்பது வழக்கம். மிஷின் அந்த வெற்றுக் கார்டைத்தான் விட்டுக்கொண்டிருந்தது. அதனால் எனக்குத் தெரியவே இல்லை. நீ வெற்றுக் கார்டு வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

கடைசிக் கார்டைப் பற்றி நீ கேட்ட கடிதம் வந்த அன்றே பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐந்து கார்டும் அந்தந்தக் கட்டின் கடைசியில் இருந்தன. பிசகில்லாமல் ஓட்டை போட்டிருந்தாய். அன்று சாயங்காலமே புரோகிராமைச் சரி செய்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. பிறகுதான் உன்னை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கடிதம் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால், பயம். டிசம்பர் வரை எப்படியாவது ஓட்டிவிட்டால் போதும் என்றிருந்தது.

மனது கேட்கவில்லை. சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் பொறுமையாகக் கேட்டு, அபராதமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இப்போது உன்னிடமும் சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

உன்,
சூசை


திண்டுக்கல்
20-10-1967

திரு. ப. சூசைமாணிக்கம் அவர்களுக்கு,

முழுக்கப் படித்துவிட்டேன். இப்போது திட்டுகிறேன்.

பாவசங்கீர்த்தனம் பண்ணினீர்களா? ரொம்ப சந்தோஷம். பெரம்பூர் சாமியாரா மூக்காயிக்கு வேலை போட்டுத் தருவார்? அவரா என் மெமோவைக் கிழித்துப் போடுவார்? ஆண்டவரிடம் சொல்லியாயிற்று, அல்போன்சாவிடம் சொல்லியாயிற்று. சொல்ல வேண்டிய ஆளைத் தவிர எல்லாரிடமும் சொல்லியாயிற்று! உங்களுக்குப் பாரம் இறங்கிவிட்டது. அது இறங்கி நேராக என் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

நீங்கள் ஒரு வரி எழுத மறந்தது எனக்குப் பெரிசே இல்லை. நான் ஒரு நாளைக்கு எத்தனை கார்டைக் கெடுக்கிறேன் தெரியுமா? கெடுத்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு, கெட்டுப் போச்சு சார் என்று சொல்லி வேறு கார்டு வாங்குவேன். உடையப்பன் சார் முணுமுணுப்பார், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் தெரிந்துகொண்டே என்னை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எப்படியும் வேலையை விடப் போகிறவள்தானே என்று எழுதினீர்கள். கட்டிக்கொள்ளப் போகிறவள் என்பதால் என் பெயர் இலவசமா?

இங்கே நான் கார்டைக் கிழித்த பொம்பளை. மூக்காயி என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உங்கள் மேனேஜரிடம் போய்ச் சொல்லுங்கள். அதற்கப்புறம் எனக்கு எழுதினால் போதும்.

அ. அல்போன்சா


சென்னை-11
2-11-1967

அன்புள்ள அல்போன்சாவுக்கு,

சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "இதுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிண்டிருக்கே? கடைசிக் கார்டை விடாத புரோகிராமர் யாருய்யா இருக்கான்? நானே விட்டிருக்கேன். சரி பண்ணிட்டியோன்னோ? போய் வேலையைப் பாரு" என்றார்.

திண்டுக்கல் மில்லுக்கு எழுத வேண்டுமே என்றேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது. மிஷின் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஆட்களின் வேலையைப் பறிக்க வந்த பிசாசு என்று யூனியன்காரர்கள் ஏற்கெனவே கத்துகிறார்கள், போட்ட முதல் பட்டியலே தப்பு என்று நாமே எழுதிக் கொடுத்தால் மிஷினையே தூக்கச் சொல்வார்கள் என்றார். "அந்தப் பொண்ணுதான் தன் தப்புன்னு எழுதிக் கொடுத்துடுத்தே. அப்புறம் என்ன?" என்று கேட்டார். வெளியே வந்துவிட்டேன்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அல்போன்சா. இங்கே எல்லாருமே தப்பைக் கண்டால் சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தமுக்கு அடித்தால் யாரும் எங்களை நம்ப மாட்டார்கள். நீ சொன்னபடி மேனேஜரிடம் சொல்லியாகிவிட்டது. இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும்? நீயே சொல்.

இன்று ஆத்துமாக்கள் திருநாள். பூசைக்குப் போகவில்லை.

சூசை


திண்டுக்கல்
9-11-1967

திரு. சூசைமாணிக்கம் அவர்களுக்கு,

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் மேனேஜர் கேட்ட கேள்வியைப் படித்தேன். நான் எழுதிக் கொடுத்தது பொய். அந்தப் பொய்யை வைத்துத்தான் மூக்காயி விஷயத்தை மூடிவிட்டார்கள். நீங்கள் சொன்னீர்கள் என்பது சாக்கு. கையெழுத்து என்னுடையது. அதனால் திங்கட்கிழமை மில் மேனேஜரிடம் போய், "நான் எழுதிக் கொடுத்தது உண்மையில்லை. கார்டுகளை அனுப்பினேன். மன்னிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்" என்று புதிதாக எழுதி நீட்டினேன்.

அவருக்கு வந்ததே கோபம்! "வெளையாடுறியாம்மா? அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. அப்ப தப்பு யாரோடது?" என்றார்.

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"அவரா சொல்லணும் சார்."

விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். லாரியில் போகிறவருக்கு எல்லாம் பழக்கம்தான் போல. "சரி, வீட்டுல இரு. அம்மாவுக்கு ஒத்தாசையாப் போச்சு" என்றார். ஆனால் சாப்பாட்டில் கை வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

கேட்டில் மூக்காயியைப் பிடித்து நிறுத்தி, கார்டு போயிற்று, நான் கிழிக்கவில்லை, மதராசில் எழுதினதில்தான் கோளாறு என்று சொன்னேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "எழுதினது யாரு? உன்னையக் கட்டிக்கிறப் போறவனா?" என்றாள். நான் நழுவப் பார்த்தேன். "அட கழுதப்பய!" என்றாள். பிறகு, "அதான் ஒம்மூஞ்சி செத்துக் கெடக்கா? போ, போய்ச் சாப்பிடு" என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். யூனியன்காரர்களிடம் அவள் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

நானும் யாரிடமும் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

அல்போன்சா


சென்னை-11
20-11-1967

அன்புள்ள அல்போன்சா,

உன் கடிதம் வந்தபோது ஆபீசில் இருந்தேன். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்து, திண்டுக்கல் மில் மேனேஜருக்கு நேராக எழுதினேன். புரோகிராம் எழுதியவன் நான், கடைசிக் கார்டு விட்டுப்போனது என் தவறு, ஐந்து கார்டுகளும் எங்கள் பெட்டியில் இருக்கின்றன, அல்போன்சா எழுதிக் கொடுத்த மன்னிப்பு நான் உண்மையை மறைத்துவிட்டு எழுதச் சொன்னதால் எழுதியது என்று எல்லாவற்றையும் எழுதினேன். யூனியனுக்கும் ஒரு நகல் போட நினைத்தேன். போடவில்லை. மிஷினையே தூக்கச் சொல்வார்கள் என்று எங்கள் மேனேஜர் சொன்ன அந்த ஒன்று மட்டும் எனக்கு இன்னும் சரியென்றே படுகிறது.

எங்கள் மேனேஜருக்கும் ஒரு நகல் கொடுத்தேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "தப்புப் பண்ணினதுக்காக இல்லை, என்னைத் தாண்டி எழுதினதுக்காக" என்று சொல்லி, டிசம்பரோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ அது நடந்தேவிட்டது. நடந்த பிறகு அவ்வளவு பயமாக இல்லை. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீ முதலில் வேலையைப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. இதை நீ யோசித்திருப்பாய். நானும் யோசித்தேன். வேலையில்லாதவனுக்கு, அதுவும் இப்படிப்பட்டவனுக்கு, உன்னைக் கொடுக்க வேண்டும் என்று உன் வீட்டாருக்குக் கட்டாயம் இல்லை. கல்யாணத்தை நிறுத்த நினைத்தால் நிறுத்திவிடு. குறை சொல்ல மாட்டேன். ஊரில் யாரும் உன்னைக் குறை சொல்லாதபடி, என்னால்தான் நின்றது என்று நானே வந்து சொல்கிறேன்.

சூசை


சென்னை-11
18-12-1967

அன்புள்ள அல்போன்சா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. புரிந்துகொண்டேன். கேட்பதற்காக எழுதவில்லை. பெரம்பூர் வீட்டை விட்டுக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நண்பன் ஒருவன் அறையில் இருக்கிறேன். விலாசம் உறை மேல் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். அத்தையிடமும் மாமாவிடமும் என் வணக்கத்தைச் சொல். மூக்காயியிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சூசை


திண்டுக்கல்
8-1-1968

சேசு மரி சூசை

மதராஸ்காரருக்கு,

பதில் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். கோபம் இருந்தது. கோபத்தில் எழுதினால் ஒன்று சொல்ல ஒன்று வந்துவிடும் என்று பேனாவையே தொடவில்லை. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் தீர்ந்துவிடும் என்று உறுதி கொடுக்க மாட்டேன்.

போன மாதக் கடைசியில் ஆர்டர் வந்தது. ஐந்து பேரும் நிரந்தரம், செப்டம்பர் தேதி போட்டு. மூக்காயி ஆர்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "படிச்சுக் காட்டுத்தா, பேரு இருக்கான்னு மட்டும் பாரு" என்றாள். இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க உங்களை ஒரு பாட்டம் திட்டினாள். அந்த வார்த்தைகளைக் காகிதத்தில் எழுத முடியாது.

என்னையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். மெமோவை ரத்து செய்துவிட்டோம் என்று மேனேஜர் சொன்னார். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள் சார் என்று நின்று வாங்கிக்கொண்டுதான் வந்தேன். உடையப்பன் சார் மறுபடியும் மழை கேட்க ஆரம்பித்துவிட்டார். இந்த வேலையை நான் விடுவதாக இல்லை. தைக்கு அப்புறமும் இங்கேதான் இருப்பேன். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ உங்களுக்கு ஒரு வேலையைத் தேடிக்கொள்ளுங்கள். கிடைக்கும்வரை நம் வீட்டில் கஞ்சிக்குக் குறைவில்லை என்று அப்பா சொல்கிறார்.

நான் இழந்த பிறகுதான் வாய் திறந்தது என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மைதான். ஒரு மாதமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதை நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. நீங்களாகவே எழுதினீர்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நமக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். அப்பாதான் போய்ச் சாமியாரிடம் பெயரைக் கொடுத்தார். நான்தான் கொடுக்கச் சொன்னேன். மூக்காயி, உங்க கோயில்ல கல்யாணத்தை எப்படிச் சொல்வாங்கன்னு பாக்கணும் என்று கூடவே வந்து, பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்துகொண்டாள். சாமியார் நம் இரண்டு பேர் பெயரையும் ஊரையும் வாசித்தார். இவர்கள் திருமணத்துக்கு ஏதாவது தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும் என்றார்.

மூக்காயி என் முழங்கையை இடித்தாள். "என்னமோ தெரிஞ்சா சொல்லணுமாமே? உனக்கொண்ணு தெரியும்ல? எந்திரிக்கப் போறியா?"

"இல்லை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

அப்பா அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை லோடு இறக்கிவிட்டு வந்துவிடுவார். நீங்களும் அன்றைக்கே வந்து சேருங்கள்.

அல்போன்சா